கை தூக்கினா பிளவுஸும் ஏறுதா? வாசகர்களோட தையல் கேள்விகள்

தீபாவளி நெருங்குது, தையல்காரங்க பாதிப் பேரு ஆர்டர் குளோஸ்னு போர்டு மாட்டிட்டாங்க, அதனால வீட்டு மூலையில துணி போட்டு மூடி வச்சிருந்த மெஷினெல்லாம் இப்பதான் வெளிய வருது போல, கேள்வியா கொட்டுது. ஒரே மாதிரி வந்ததை ஒண்ணா சேத்துட்டேன். பேரு போட வேணாம்னு நெறைய பேரு கேட்டதால ஊரு மட்டும்தான் போட்டிருக்கேன்.

செந்தூல் வாசகி: அக்கா, யூடியூப் பாத்து சேலை பிளவுஸ் நானே தச்சுக்கிறேன். சும்மா நிக்கும்போது நல்லாதான் இருக்கு, ஆனா கையைத் தூக்கினா பிளவுஸ் மொத்தமா மேல ஏறுது, எல்ஆர்டி ரயில்ல கம்பியைப் பிடிக்கவே கூச்சமா இருக்கு. அக்குள் டைட்டுனு நெனச்சு ஆர்ம்ஹோலை (கைத்துணி சேர்ற வளைவு) அரை இஞ்ச் கீழ எறக்கி இன்னொண்ணு தச்சேன், அது இதைவிட மோசம். இன்னும் எறக்கணுமா?

எறக்காதம்மா, ஏத்து! இதைச் சொன்னா முதல்ல யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க, பிடிக்கிற எடத்துல தாராளமா விடணும்னுதானே எல்லாருக்கும் தோணும். ஆனா ஆர்ம்ஹோலோட அடி அக்குளை விட்டு ரொம்ப கீழ, விலா பக்கம் எறங்கிடுச்சுன்னா, கை தூக்குறப்ப கைத்துணி அந்த விலா எடத்தைத்தான் பிடிச்சு இழுக்கும், அங்க இழுத்தா பக்கத் தையல் வரும், பக்கத் தையல் வந்தா அடிப் பட்டியும் கூடவே வரும். ஆர்ம்ஹோல் அக்குளை ஒட்டி இருந்தா கை அது பாட்டுக்கு மேல போகும், உடம்புத் துணி இருந்த எடத்துலயே இருக்கும்.

அளக்கிறது எப்படின்னா, ஒரு ஸ்கேலைப் படுக்க வாக்குல அக்குள்ல வச்சு கையைத் தொங்கப் போட்டுக்கோ. ஸ்கேல் நிக்கிற எடத்துக்கு ஒரு விரல் அகலம் கீழ, அதுதான் ஆர்ம்ஹோல் அடி. யூடியூப்ல சொன்ன நம்பர் அவங்க உடம்புக்கு, உனக்கு இல்ல. முன்பக்கத்து வளைவைப் பின்பக்கத்தை விட அரை இஞ்ச் உள்ள குடைஞ்சு வெட்டணும், ஏன்னா கை முன்னாடிதான் அதிகமா போகும். ரெண்டையும் சேத்து மடிச்சு ஒரே வெட்டுல வெட்டுறவங்களுக்கு முன்பக்கம் எப்பவும் மடிப்பு மடிப்பா நிக்கும்.

அடுத்தது கை. கைத்துணியோட மேல் வளைவு உயரமா இருந்தா கை தொங்குறப்ப சுருக்கமே இல்லாம அழகா நிக்கும், ஆனா தூக்க விடாது. உயரத்தை அரை இஞ்ச், முக்கா இஞ்ச் குறைச்சு கையோட அகலத்தைக் கொஞ்சம் கூட்டினா தூக்க வரும், ஆனா தொங்குறப்ப அக்குள் பக்கம் லேசா மடிப்பு விழும். ரெண்டும் சேந்து கிடைக்காது. மேடையில உக்காந்து போட்டோ எடுக்கிற நாளுக்கு உயரமான கை, தினம் ரயில்ல நின்னு போறவளுக்கு மடிப்பு விழுற கை, இது என் கட்சி.

வெட்டிட்ட ரெண்டு பிளவுஸையும் தூக்கிப் போட்டுடாத. தெரிஞ்ச மலாய்க்கார அக்கா யார்கிட்டயாவது பழைய பாஜு கூரோங் (அவங்க உடுத்துற தொளதொள நீள மேல்சட்டை) ஒண்ணு கேட்டு வாங்கி உள்பக்கம் திருப்பிப் பாரு. உடம்பு நேரா வெட்டின துணி, கையும் நேரா வெட்டின துணி, பக்கத்துல பெசாக்னு நீளமா ஒரு துண்டு, வளைஞ்ச ஆர்ம்ஹோலே கிடையாது. ஆனாலும் கை தாராளமா தூக்கலாம், காரணம் அக்குள்ல இருக்கிற சின்னச் சதுரத் துண்டு, அதுக்கு கெக்கெக்னு பேரு. அதையே நீ செய்யலாம். அக்குள்ல இருந்து கைத் தையலை 3 இஞ்சும் பக்கத் தையலை 3 இஞ்சும் பிரி. 3 இஞ்ச் சதுரம், சுத்தி தையலுக்கு அரை இஞ்ச் சேத்து வெட்டிக்கோ. ஒரு முனை கைப்பக்கம், எதிர் முனை இடுப்புப் பக்கம், மத்த ரெண்டு முனையும் ஆர்ம்ஹோல் தையல்ல உக்காரணும். முதல்ல கையால ஓடு தையல் போட்டு, போட்டுப் பாத்துட்டு அப்புறம் மெஷின். அதே கலர் துணி இல்லாட்டியும் பரவால்ல, அக்குள்ல யாரு எட்டிப் பாக்கப் போறா.

அடுத்த பிளவுஸை நேரா பட்டுத் துணியில வெட்டாத, பழைய பெட்ஷீட்ல ஒண்ணு வெட்டி ஊசி குத்திப் பாரு. அரை நாள் போகும், போகட்டும்.

புக்கிட் மெர்தாஜாம் வாசகி: மகளே, எனக்கு வயசு 68. எங்கப்பா தவணையில வாங்கிக் குடுத்த கறுப்பு சிங்கர் கால் மெஷின் இன்னும் இருக்கு. மேல தையல் நல்லாதான் தெரியுது, திருப்பிப் பாத்தா அடியில நூல் சிக்கு சிக்கா சுருண்டு கெடக்கு. அடி நூல் பாபின் ஸ்குரூவைத் திருகிப் பாத்தேன், ஒண்ணும் ஆகல. மிதிக்கவும் கனமா இருக்கு, தேங்காய் எண்ணெய் விட்டும் அப்படித்தான். பாக்க வந்த மெக்கானிக் புதுசு வாங்குங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அம்மா, புதுசு வாங்காதீங்க, அந்த மெஷினுக்கு ஒண்ணும் ஆகல. அடியில சிக்கு விழுந்தா எல்லாரும் அடி நூலைத்தான் சந்தேகப்படுவாங்க, தப்பு பெரும்பாலும் மேல் நூல்லதான். மேல் நூலை யாரும் இழுத்துப் பிடிக்கலன்னா அது தொளதொளன்னு கீழ எறங்கி அங்க சுருண்டுக்கும், அவ்வளவுதான் விஷயம். காலை, அதாவது துணியை அமுக்குற பிரஷர் ஃபுட்டை, கீழ விட்டுட்டு நூல் கோக்குறீங்களா? அப்படிக் கோத்தா நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும், நூல் உள்ள போகாம மேலயே நிக்கும். காலைத் தூக்கிட்டு கோங்க, தட்டு திறக்கும், நூல் நடுவுல போய் உக்காரும். அப்புறம் காலை எறக்கிட்டு நூலை இழுத்துப் பாருங்க, கொஞ்சம் முரண்டு பிடிக்கணும். தட்டு நடுவுல பழைய நூல் பிசிறு சிக்கியிருந்தாலும் இதே தொல்லைதான், ஒரு துணித் துண்டை நுழைச்சு இழுத்துத் துடைச்சிருங்க. திருகின பாபின் ஸ்குரூவை பழைய எடத்துக்கே கொண்டு வந்துருங்க.

தேங்காய் எண்ணெய் வேணாம்மா. தலைக்கு நல்லது, மெஷின்ல நாள்பட நாள்பட பிசினா இறுகிடும், மிதிக்கக் கனமா இருக்கிறதுக்கு அதுவே காரணமா இருக்கும். ஒரு துணியில கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு, அடுப்பு, சாமி விளக்கு எதுவும் பக்கத்துல இல்லாத எடத்துல வச்சு பழைய பிசினைத் துடைங்க, நல்லா காஞ்சதும் தையல் மெஷின் எண்ணெய், தண்ணி மாதிரி வெள்ளையா இருக்குமே அது, ஓட்டை ஓட்டையா ஒரு சொட்டு விட்டு கொஞ்ச நேரம் சும்மா மிதிங்க. அப்புறம் கழிவுத் துணியில தச்சுப் பாத்துட்டுதான் பேத்தி பாவாடையைத் தொடணும், இல்லாட்டி எண்ணெய்க் கறை. தோல் பெல்ட் தொய்ஞ்சு வழுக்குதுன்னா கம்பியைக் கழட்டி அரை இஞ்ச் வெட்டிட்டு திரும்ப ஓட்டை போட்டு மாட்டுங்க. சக்கரத்தோட மேல்பக்கம் உங்களைப் பாத்துதான் சுத்தணும், எதிர்ப்பக்கம் சுத்தினா நூல் அறுந்துக்கிட்டே இருக்கும்.

தவணைன்னு எழுதினீங்களே, சிங்கர் கம்பெனி 1850-கள்லயே மெஷினைத் தவணைக்குக் குடுக்க ஆரம்பிச்சவங்க, உங்க அப்பா மாதிரி ஆளுங்களாலதான் அது ஊரு ஊரா, தோட்டம் தோட்டமா போய்ச் சேந்துச்சு.

செராஸ் வாசகர்: அக்கா, எனக்கு 26 வயசு, அரசாங்க வேலை, வியாழக்கிழமை பாத்திக் (மெழுகு வச்சு சாயம் போட்ட பூத்துணி) சட்டை போடணும். கடையில கிடைக்கிறது எதுவும் எனக்குத் தோள் சேரல, நானே தைக்கலாம்னு இருக்கேன். வீட்டுல சிரிக்கிறாங்க. எந்த மெஷின் வாங்கலாம்? ஜப்பான் பழைய சாமான் கடையில ஒண்ணு மலிவா பாத்து வச்சிருக்கேன்.

சிரிக்கட்டும் தம்பி, கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பக்கம் மாடியில உக்காந்து தைக்கிறவங்க எத்தனை பேரு ஆம்பளைங்கன்னு ஒரு நாளு கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.

ஜப்பான் மெஷினுக்கு முதல்ல பின்னாடி ஒட்டியிருக்கிற தகட்டைப் படிங்க. அங்க கரண்ட் 100 வோல்ட், நம்ம வீட்டுல 230, 240. அப்படியே பிளக்ல சொருகினா மோட்டார் புகைஞ்சிடும். வோல்ட்டைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் தனியா வாங்கணும், அந்தக் காசையும் சேத்துக் கணக்குப் போட்டா மலிவு மலிவா இருக்காது. நேர்த் தையல், ஜிக்ஜாக், காஜா இந்த மூணும் ஒழுங்கா போடுற சாதா மெக்கானிக்கல் மெஷின் போதும், நூறு டிசைன் பூத்தையல் இருக்குன்னு காட்டுவாங்க, அதுல எதையும் நீங்க தொடப் போறதில்ல. பாசார் மாலாம் ராச்சந்தையில விக்கிற பேட்டரிக் குட்டி மெஷின் வேணவே வேணாம். ஃபேக்டரி மெஷின் கிடைச்சாலும் இப்ப வேணாம், அதோட வேகத்துக்கு முதல் நாளே விரலு போயிடும், ஊசியும் வேற, அதுல மெஷின்ல மாட்டுற பக்கம் முழு வட்டமா இருக்கும், வீட்டு மெஷின் ஊசிக்கு அந்த எடத்துல ஒரு பக்கம் தட்டையா இருக்கும், ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திப் போட முடியாது. ஊசிப் பாக்கெட்ல 90/14னு போட்டிருந்தா ஊசித் தண்டோட தடிமன் 0.90 மில்லிமீட்டர்னு அர்த்தம், பருத்திப் பாத்திக்குக்கு அது, இல்லாட்டி 75/11, போதும்.

சட்டையில ஆரம்பிக்காதீங்க. காலரும் கை மணிக்கட்டுப் பட்டியும் புதுசா தைக்கிறவங்களை அழ வைக்கும். முதல்ல ஒரு ஜிப்பா தைங்க, எல்லாம் நேர் வெட்டு, மேல செந்தூல் தங்கச்சிக்குச் சொன்ன அக்குள் சதுரமும் அதுல வரும். அது கை வந்தப்புறம் பாத்திக். முழுக்கை சட்டைக்கு 45 இஞ்ச் அகலத் துணியில 2.5 மீட்டர் எடுப்பாங்க, பெரிய பூவா இருந்தா இன்னும் அரை மீட்டர் சேத்து வாங்குங்க, பட்டன் போட்டதும் முன்பக்கம் ரெண்டு பாதியிலயும் பூ ஒண்ணு சேரணும் இல்ல, அது சேராத பாத்திக் சட்டையைப் பாத்தா எனக்கு மனசு ஆறாது. தோளுக்கு, சரியா உக்காருற பழைய சட்டை ஒண்ணைத் தியாகம் பண்ணுங்க, தையலெல்லாம் பிரிச்சு அயர்ன் போட்டா அதுதான் உங்க அளவுத்தாள்.

ஆயர் ஈத்தாம் வாசகி: அம்மாவோட கல்யாணக் காஞ்சிபுரம் பட்டு எங்கிட்ட இருக்கு, அம்மா இப்ப இல்ல. மக அதுல நியோன்யா கெபாயா, அதான் பாபா நியோன்யா சீனப் பொண்ணுங்க போடுற மேல்சட்டை, தச்சுக் குடுன்னு கேக்குறா. எனக்கு வெட்டவும் மனசு வரல, பெட்டியில கெடக்கிறதும் பாவமா இருக்கு. வெட்டலாமா?

வெட்டலாம், ஆனா கெபாயாவுக்கு வேணாம். கெபாயா உடம்பைப் பிடிச்சு நிக்கிற உடுப்பு, முதுகு, அக்குள், மார்புன்னு எல்லாத் தையலும் இழுபடும், நியோன்யாங்க அதுக்கு வாயில்னு சொல்ற மெல்லிசு பருத்தித் துணி எடுத்து பூத்தையல் போடுறதும் அதனாலதான் பொருந்தி வருது. பழைய பட்டை அப்படி இழுத்தா தையல் ஓரத்துலயே இழை விலகி கிழியும். கெபாயாவை 2024-ல மலேசியாவோட சேத்து 5 நாடு யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல ஏத்துனதுல இருந்து பொண்ணுங்களுக்கு அதுமேல ஒரு ஆசை, தப்பில்ல, வாயில் துணியில தனியா ஒண்ணு தச்சுக் குடுங்க. சேலையை அதுக்குக் கீழ கட்டுற பாவாடையாக்கலாம், அம்மா பட்டும் உடம்புல இருக்கும்.

கத்திரியை எடுக்கிறதுக்கு முன்னாடி சேலையைப் பகல் வெளிச்சத்துல ஜன்னல்ல பிடிச்சுப் பாருங்க. வருஷக் கணக்கா ஒரே மடிப்புல இருந்ததால மடிப்புக் கோட்டுல ஊசி ஊசியா வெளிச்சம் தெரியும், அந்த எடம் எல்லாம் செத்த எடம், அதைத் தாண்டித்தான் வெட்டணும். ஜரிகை பார்டரை வெட்டவே வேணாம், பாவாடையோட அடியா அப்படியே விட்ருங்க, இடுப்புப் பக்கம்தான் உயரத்தைக் குறைக்கணும். மக இன்னும் வளர்ற பொண்ணா இருந்தா குறைக்கக்கூட வேணாம், பார்டருக்கு மேல உள்பக்கமா ரெண்டு மூணு மடிப்புப் பிடிச்சுத் தச்சு வச்சா வருஷம் ஒண்ணா பிரிச்சு விடலாம், பாட்டிங்க பட்டுப் பாவாடைக்குச் செஞ்ச வேலைதானே. முழுசுக்கும் காட்டன் லைனிங் குடுங்க, இழுப்பை லைனிங் தாங்கட்டும். ஊசி 65/9 இல்லாட்டி 75/11, அதுவும் புதுசு. குண்டூசியைத் தையல் வர்ற ஓரத்துக்குள்ள மட்டும் குத்துங்க, பட்டுல குத்துன ஓட்டை மூடாது. அயர்ன் பின்பக்கம், மேல ஒரு துணி போட்டு. முந்தானை முழுசா மிஞ்சும், அதைத் தொடாம எடுத்து வைங்க.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: காட்டன்னு சொல்லித்தான் குடுத்தாங்க, தச்சுப் போட்டா வேர்த்துக் கொட்டுது. இன்னொண்ணு ஒரு தொவைப்புல குட்டையாயிடுச்சு. அப்புறம் பாட்டி நோட்டுல 4 கெஜம்னு இருக்கு, கடையில மீட்டர். எத்தனை வாங்கணும்?

வேர்க்கிறது காட்டனே இல்ல, குட்டையானதுதான் அசல் காட்டன், பாருங்க வேடிக்கைய. கடையில துணிக்கு வைக்கிற பேரை நம்பாதீங்க, பேருல சில்க் இருக்கும், உள்ள முழுக்க பாலியஸ்டர். ஓரத்துல ரெண்டு இழை உருவி, சின்க்குக்கு மேல இடுக்கியில பிடிச்சுக் கொளுத்துங்க. காட்டன்னா காகிதம் கருகின வாடை, சாம்பல் தொட்டா தூளாப் போகும். பட்டுன்னா முடி கருகின வாடை. பாலியஸ்டர்னா உருகி ஓடி கறுப்பா கெட்டி உருண்டையா நிக்கும். கலப்புத் துணின்னா ரெண்டு குணமும் சேந்து வரும். கடையில கொளுத்த விட மாட்டாங்க, கால் மீட்டர் வாங்கி வீட்டுல பாத்துட்டு அப்புறம் போய் மிச்சத்தை வாங்குங்க.

காட்டன், ரேயான், லினன் எதுவா இருந்தாலும் வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை தண்ணியில ஊறப் போட்டு, பிழியாம காயப் போட்டு, அயர்ன் பண்ணிட்டு வெட்டுங்க. சுருங்குறதை துணியாவே சுருங்கிக்கட்டும். தீபாவளி அவசரத்துல எல்லாரும் விடுற வேலை இதுதான், லைனிங்கையும் மறந்துடாதீங்க, மேல் துணி சுருங்காம லைனிங் மட்டும் சுருங்கினா அடியில புஸ்ஸுன்னு நிக்கும்.

ஒரு கெஜம் 36 இஞ்ச், ஒரு மீட்டர் 39 இஞ்சுக்குக் கொஞ்சம் மேல. பாட்டியோட 4 கெஜம் 3.66 மீட்டர். நீங்க 4 மீட்டர் வாங்கினா 13 இஞ்ச் மிஞ்சும், அதுல பிள்ளைக்குக் கை தச்சிரலாம். கூரோங்குக்கு 4 மீட்டரா வெட்டி மடிச்சு வச்சிருப்பாங்களே, காயின் பாசாங், அதை எடுத்தாலும் சரிதான். அகலத்தை மட்டும் கேட்டுக்கோங்க, 45 இஞ்சுக்கும் 60 இஞ்சுக்கும் கணக்கே மாறிடும்.

கெப்போங் வாசகி: அக்கம்பக்கத்துல பிளவுஸ் தச்சுக் குடுத்து கொஞ்சம் சம்பாதிக்கிறேன். எஸ்எஸ்எம்ல, அதான் தொழில் பதியுற அரசாங்க ஆபீஸ்ல, பதியணுமா? சொந்தக்காரங்க எல்லாம் நம்ம ஆளுதானேன்னு பாதிக் காசு குடுக்குறாங்க.

தொடர்ந்து காசு வாங்கித் தைச்சா பதியணும், தொழில் ஆரம்பிச்ச 30 நாளுக்குள்ளன்னு சட்டம். ஐசியில (அடையாள அட்டை) இருக்கிற சொந்தப் பேருல பதிஞ்சா வருஷத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடைப் பேரு வச்சா 60 வெள்ளி, ஆன்லைன்லயே முடிச்சிரலாம், பேங்க்ல தொழில் கணக்கு திறக்கவும் அது உதவும்.

சொந்தக்காரங்களுக்கு வாயால விலை சொல்லாத, அங்கதான் சிக்கல். தையக்கூலி, லைனிங், கொக்கி, நாடா, அவசரத்துக்குத் தனியா எவ்வளவுன்னு ஒரு அட்டையில எழுதி மெஷினுக்கு மேல ஒட்டிரு, பேச்சை அட்டை பேசட்டும். பாதிக் காசை துணி வாங்குறப்பவே வாங்கிரு, வெட்டின துணியைத் திருப்பிக் குடுக்க முடியாதுன்னு முன்னாடியே சொல்லிரு. அத்தை கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும், அத்தைக்கு ஒண்ணு சும்மா தச்சுக் குடுக்கணும்னு தோணுனா சும்மாவே குடு, பாதிக் காசுக்கு மட்டும் தைக்காத. அளவை நோட்டுல தேதி போட்டு எழுதி வை, போன வருஷ அளவை வச்சு இந்த வருஷம் வெட்டாத, பக்கத் தையல்ல ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் எப்பவும் விட்டு வை.

ஜெலுத்தோங் வாசகி: ஓரத்தைச் சுத்தி அடிக்கிற ஓவர்லாக் மெஷின் இல்லாம பிசிறு வராம தைக்க முடியுமா?

முடியும் மா. மெல்லிசு துணின்னா துணியோட தப்புப் பக்கத்தை உள்ள வச்சு முதல்ல ஒரு மெல்லிசு தையல் போட்டு, ஓரத்தை ஒட்ட வெட்டி, திருப்பி நல்ல பக்கம் உள்ள வர்ற மாதிரி மடிச்சு இன்னொரு தையல், பிசிறு ரெண்டு தையலுக்கு நடுவுல அடைஞ்சிடும். தடிச்ச துணின்னா ஓரத்துல ஜிக்ஜாக் போதும். ஜீன்ஸ் மாதிரி இருந்தா ஒரு ஓரத்தை மத்ததுக்குள்ள மடிச்சு மேல தையல். சட்டை, பாவாடை, திரைச்சீலை எல்லாம் இதுலயே ஓடும். டீ ஷர்ட் துணி நெறைய தைக்கிறதா இருந்தா மட்டும் ஓவர்லாக் வாங்கு, அதுக்கு முன்னாடி முனை உருண்டையா இருக்கிற பால் பாயிண்ட் ஊசி ஒரு பாக்கெட் வாங்கிப் போட்டுப் பாரு, தையல் விட்டு விட்டு விழுதுன்னு புலம்புறவங்கள்ல பாதிப் பேருக்கு அதுலயே தீந்துடும்.